இரும்பு இல்லாத காலத்தில் ஜேட் கல்லை எப்படி அறுத்தார்கள்? (ஓல்மெக், மாயா)

கேள்விக்கணை:

கொஞ்ச நாளாகப் பழைய மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் ஓல்மெக், மாயா நாகரிகங்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன், யூடியூப்பிலும் பார்க்கிறேன். பிரமிடு, நாட்காட்டி எல்லாம் ஓரளவு புரிகிறது. அந்த ஜேட் நகைகள் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கின்றன. பெலீஸ் நாட்டில் ஆல்துன் ஹா என்ற இடத்தில் 1968-ல் ஒரு கல்லறையைத் திறந்தபோது சூரியக் கடவுளின் தலை ஒன்று கிடைத்ததாம். ஒரே கல்லில் செதுக்கியது, உயரம் 15 செ.மீ.தான், எடை 4.4 கிலோ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணும் மூக்கும் பல்லும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கின்றன. ஜேட் எஃகைவிடக் கடினம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், இவர்களிடமோ இரும்பும் இல்லை, வெண்கலமும் இல்லை. பிறகு எதை வைத்துச் செதுக்கினார்கள்? ஒரு வீடியோவில் "மனிதக் கையால் ஆகாத வேலை" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மறுத்துப் பேச என்னிடம் சரக்கும் இல்லை.

இன்னொன்று, இத்தனை பாடுபட்டுச் செய்ததை ஏன் கொண்டுபோய் மண்ணில் புதைத்தார்கள், கிணற்றில் போட்டார்கள்? பரம்பரை பரம்பரையாக வைத்துக்கொள்ளலாமே. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

சாணைக்காரர்:

நான் கல் பட்டை தீட்டும் தொழிலில் இருப்பவன். வரலாறு மற்றவர்கள் சொல்வார்கள், நான் கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

"எஃகைவிடக் கடினம்" என்ற பேச்சுதான் எல்லோரையும் குழப்புகிறது. கடினம் என்பது வேறு, உடையாமல் தாங்குவது வேறு. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் ஜேடைட் (ஓல்மெக், மாயா ஜேட் இந்த வகைதான்) 6.5 முதல் 7 வரை. ஆற்று மணலில் கிடக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது சாதாரண மணலே ஜேடைத் தேய்த்துவிடும், கொஞ்சம் நேரம்தான் பிடிக்கும். ஆனால் அதே ஜேடைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள், சுலபத்தில் உடையாது, ஏனென்றால் உள்ளே படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு கிடக்கின்றன. வைரம் இதைவிட எவ்வளவோ கடினமானது, ஆனாலும் சரியான வாட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துகொள்ளும். ஜேடில் அந்த வாட்டமே பிடிபடாது. ஆகவே இது உளிக்கு அடங்குகிற கல் இல்லை. இவர்கள் கையில் நல்ல இரும்பு உளி இருந்திருந்தாலும் பெரிய பிரயோசனம் இருந்திருக்காது. இன்றைக்கு எங்கள் பட்டறையில்கூட இந்த மாதிரிக் கல்லை யாரும் செதுக்குவதில்லை, வைரத்தூள் பூசிய தகட்டில் தேய்க்கிறோம். வேலை அதேதான், வேகம்தான் மாறியிருக்கிறது.

அவர்கள் செய்தது இப்படி. நார்க் கயிறோ தோல் வாரோ எடுத்து, தண்ணீரும் மணலும் விட்டு, கல்லின் மேல் முன்னும் பின்னும் இழுப்பது. அறுப்பது கயிறு இல்லை, அதோடு போகிற மணல். நேர்கோட்டில் வெட்ட மெல்லிய பலகையையோ கல் சில்லையோ அதே மாதிரி ஓட்டலாம். துளை போட நாணல் தண்டு அல்லது பறவை எலும்பு மாதிரி உள்ளே கூடான குழல், அதன் நுனியில் மணல், சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. மணலோடு ஜேடின் தூளும் வேலை செய்யும், அதுதான் தேய்க்கத் தேய்க்கக் கையோடு கிடைக்குமே.

ஊகமாகச் சொல்லவில்லை, தடயம் கல்லிலேயே இருக்கிறது. பெரிய கல்லை ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி அறுத்து, நடுவில் கொஞ்சம் மிச்சம் வைத்து ஒடித்திருக்கிறார்கள். ஒடித்த இடத்தில் மேடாக ஒரு வரப்பு நிற்கும். முன்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியவர்கள் பின்பக்கத்தில் அந்த வரப்பை அப்படியே விட்டுவைத்த நகைகள் ஏராளம். அப்புறம், மாயா முகங்களில் கண்ணின் வட்டம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் இவற்றையெல்லாம் உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் வட்டத்தின் துண்டுகளாக இருக்கும். குழல் துளைக்கருவியைச் சாய்த்து வைத்துச் சுழற்றினால் வருகிற வளைவு அது. எனக்கு இவர்களிடம் பிடித்ததே இந்த இடம்தான், கருவி எதைத் தருகிறதோ அதையே ஓவிய பாணியாக ஆக்கிக்கொண்டார்கள்.

வெட்டிஆபீசர்:

அப்ப வேற்றுக்கிரகவாசி வரலையா? மெக்சிகோவில் பலேங்கே என்ற மாயா ஊரில் ஒரு ராஜா ராக்கெட் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி கல்மூடி இருக்குமே, அவர் முகத்தில்கூட ஜேட் முகமூடி இருந்ததே :)

தொல்லியல்_தோழி:

அந்த "ராக்கெட் ராஜா" பெயர் கினிச் ஹனாப் பகால். கி.பி. 615-ல் பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து 683-ல் இறந்தவர், பிறந்தது, பட்டம் ஏறியது, செத்தது எல்லாம் கல்வெட்டில் நாள் கணக்கோடு இருக்கிறது. மூடியில் இருப்பது அவர், மாயர் நம்பிக்கையில் உலகத்தின் நடுவே நிற்கிற உலக மரத்தின் அடியில் சாய்ந்து கிடக்கும் காட்சி, அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் ராக்கெட் தெரியும். இந்தக் கதையை இத்தோடு விடுவோம், மேலே நல்ல பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்விக்கணை:

சாணைக்காரர் ஐயா, மிக்க நன்றி. கடினமும் உடையாமையும் வேறுவேறு என்பது எந்த வீடியோவிலும் வராத விஷயம். இன்னொரு சந்தேகம்: கல் எங்கிருந்து வந்தது? ஓல்மெக் ஊர்கள் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சதுப்பு நிலம், அங்கே கல்லே கிடையாது என்று படித்தேன். ஜேட் என்றாலே சீனா என்பதால் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பாறைப்பித்தன்:

சீனக் கதை நூறு வருடத்துக்கு மேல் பழையது. அமெரிக்கக் கண்டத்தில் ஜேட் சுரங்கம் எதுவும் தெரியாத காலத்தில் படித்தவர்களே அப்படி யோசித்தார்கள், அன்றைக்கு அது அபத்தமான கேள்வியும் இல்லை.

ஆனால் கதை கனிமத்திலேயே உடைந்துவிடுகிறது. ஜேட் என்று நாம் சொல்வது இரண்டு வேறு கனிமங்கள், நெஃப்ரைட் ஒன்று, ஜேடைட் இன்னொன்று. 1863-ல் தாமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்தான் பிரித்துக் காட்டினார். ஓல்மெக்குகள் கல் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் சீனர்கள் செதுக்கியது நெஃப்ரைட். இன்றைக்குக் கடைகளில் பார்க்கிற பளபளப்பான பச்சை ஜேடைட் மியான்மரிலிருந்து சீனாவுக்குப் பெரிய அளவில் போனது 18-ம் நூற்றாண்டில்தான். ஆக, சீனர்களிடமே இல்லாத கல்லை அவர்கள் எப்படி ஏற்றுமதி செய்திருப்பார்கள்?

உண்மையான ஊற்று குவாத்தமாலாவின் மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வட அமெரிக்கத் தட்டும் கரீபியன் தட்டும் உரசிக்கொள்கிற கோடு அது. ஜேடைட் உருவாக அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் அதற்கு ஏற்றபடி குறைவாகவும் இருக்க வேண்டும், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிற இடத்தில்தான் அந்தச் சேர்க்கை அமையும். அமைந்தால் மட்டும் போதாது, அத்தனை ஆழத்திலிருந்து மேலே வந்தும் சேர வேண்டும். அதனால்தான் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் கிடைக்கிறது. 1950-களில் மன்சனால் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜேடைட் கிடைப்பதை ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஃபொஷாக் ஆராய்ந்து எழுதினார்.

அதற்குப் பிறகும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. ஓல்மெக்குகள் விரும்பியது ஒளி ஊடுருவும் நீலப்பச்சை, மாயர்கள் விரும்பியது நல்ல பச்சை. பச்சை கிடைத்துவிட்டது, அந்த நீலம் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. 1998-ல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப்போட்டதே, அந்த வெள்ளம் மலைச்சரிவுகளை அறுத்துக்கொண்டு போனதில் நீலக் கற்கள் ஓடைகளில் உருண்டு வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப்போனால் மொத்தாகுவாவின் தென்பக்க மலைகளில் தாய்ப்பாறை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹார்லோவும் ரஸ்ஸல் சைட்ஸும் கூட்டாளிகளும் 2001-ல் இதை எழுதினார்கள்.

அங்கிருந்து ஓல்மெக்குகளின் லா வெந்தாவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வண்டி கிடையாது, பொதி சுமக்க மாடோ கழுதையோ கிடையாது. படகு, இல்லாவிட்டால் மனித முதுகு. குவாத்தமாலா நகரத்துக்குள் இருக்கும் கமினால்ஹுயுவில் ஒரு படிக்கட்டின் அடியில் சுமார் 90 கிலோ ஜேட் பாறை ஒன்று கிடைத்தது, அதிலிருந்து துண்டு துண்டாக அறுத்து எடுத்த தடம் அப்படியே இருக்கிறது. அதையும் யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

தொல்லியல்_தோழி:

சரி, ஏன் புதைத்தார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

மெக்சிகோ சிட்டி மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லோரும் அஸ்டெக் சூரியக் கல் முன்னால் கூடி நிற்பார்கள். நான் அதிக நேரம் நின்றது ஓல்மெக் கூடத்தில், லா வெந்தாவின் நான்காம் காணிக்கை முன்னால். 1955-ல் தோண்டி எடுத்தது. பதினாறு சிறிய மனித உருவங்கள், தலை நீண்டு, வாய் கீழ்நோக்கி வளைந்து நிற்கின்றன. பின்னால் ஆறு கற்கோடரிகள் கம்பம் மாதிரி நட்டிருக்கின்றன. பதினைந்து பேர் ஜேட், பாம்புக்கல் போன்ற பச்சைக் கற்கள், ஒரே ஒருவர் மட்டும் சொரசொரப்பான வேறு கல், அவர் கோடரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க மற்றவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். விசாரணையா, பட்டாபிஷேகமா, தீட்சையா, ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு விஷயம். இதை மணலால் மூடி, மேலே வண்ண வண்ணமாய்த் தளம் போட்டுவிட்டார்கள். பல காலம் கழித்து அவர்களே மேலிருந்து ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள், நேராகச் சிலைகளின் தலைக்கு மேலே. தலைகள் தெரிகிற அளவுக்குத் தோண்டி, பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் திரும்ப மூடிவிட்டார்கள். அந்தக் குழியின் தடம் தளங்களில் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் எங்கே புதைத்தோம் என்பதற்கு யாரோ தலைமுறை தாண்டிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, புதைத்தால் பொருள் தொலைந்துபோகும் என்பது நம் கணக்கு. அவர்களுக்கு அது பூமிக்குள் பத்திரமாக வேலை செய்துகொண்டிருக்கிற பொருள்.

என்ன வேலை என்று கேட்டால், மாயர்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள்தான் எழுதி வைத்தார்கள். பச்சை என்றால் தண்ணீர், இளம் மக்காச்சோளப் பயிர், கெட்சால் பறவையின் இறகு. அதற்கும் மேலே, மூச்சு. செத்தவர் வாயில் ஜேட் மணி வைத்தார்கள். பகாலின் வாயிலும் ஒன்று, ஒரு கையில் உருண்டை, இன்னொரு கையில் கனசதுரம், முகத்தில் 300-க்கும் மேற்பட்ட சில்லுகளை ஒட்டிய முகமூடி. 1952-ல் ஆல்பெர்த்தோ ரூஸ் அந்தக் கல்லறையைத் திறந்தபோது இதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. (முகமூடி 1985 கிறிஸ்துமஸ் இரவில் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய் 1989-ல் திரும்பக் கிடைத்தது, திருடியவர்கள் கால்நடை மருத்துவப் படிப்பை நடுவில் விட்ட இரண்டு இளைஞர்கள். அது தனி இழையாக ஓட வேண்டிய கதை.) ஸ்பானியர் வந்த பிறகும் மாயர்கள் வாழ்ந்த யுகத்தான் தீபகற்பத்தில் இறந்தவர் வாயில் சோளமாவோடு கல்மணி வைக்கும் வழக்கம் இருந்ததைப் பாதிரியார் தியேகோ தே லாந்தா குறித்திருக்கிறார்.

மூச்சு என்பதை இன்னும் நேரடியாகக் காட்டுவது தெற்கு பெலீஸின் நிம் லி புனிட்டில் 2015-ல் கிடைத்த மார்புப் பதக்கம். 18.8 செ.மீ. அகலம், ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். மாயா எழுத்தில் காற்று, மூச்சு என்பதற்கான குறி அந்த வடிவம்தான். பின்பக்கத்தில் 30 எழுத்துகள், அரசன் உடம்பில் படுகிற பக்கத்தில், வெளியே யாருக்கும் தெரியாதபடி. அதே ஊரில் நிற்கும் கல்தூண் ஒன்றில் 721-ம் ஆண்டுச் சடங்கில் அரசன் இதே பதக்கத்தைப் போட்டுக்கொண்டு சாம்பிராணி தூவுகிறான். காற்று வந்தால் மழை வரும், மழை வந்தால் சோளம்.

இப்போது கிணற்றுக் கேள்வி. யுகத்தானின் வடக்கே இருக்கும் சிச்சென் இட்சா என்ற மாயா நகரத்தின் புனிதக் கிணற்றை எட்வர்ட் தாம்சன் 1904-லிருந்து வாரியெடுத்தபோது வந்த ஜேட் பெரும்பாலும் சில்லு சில்லாக இருந்தது. வீசுவதற்கு முன்னால் நெருப்பில் போட்டு, உடைத்து, அப்புறம்தான் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். மாயா ஆய்வாளர் தத்யானா ப்ரோஸ்குரியாகாஃப் பல வருடம் உட்கார்ந்து அந்தச் சில்லுகளை ஒட்டினார். ஒட்டிப் பார்த்தால் சிலவற்றில் பலேங்கே, பியெத்ராஸ் நெக்ராஸ் அரசர்களின் பெயர். அந்த ஊர்களெல்லாம் பாழான பிறகும் அவர்களுடைய நகை எங்கெங்கோ கை மாறி யுகத்தானின் வடக்கு வரை வந்திருக்கிறது. ஆக, "பரம்பரையாக வைத்துக்கொள்ளலாமே" என்றீர்களே, அதுவும் நடந்தது. ஓல்மெக் முகமூடி ஒன்று மெக்சிகோ சிட்டியில் அஸ்டெக் பெருங்கோயிலின் காணிக்கையில் கிடைத்திருக்கிறது, செய்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் கழித்து மறுபடியும் புதைத்திருக்கிறார்கள்!

நடுநிசிவாசகர்:

தோழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தங்கத்தைவிட ஜேட் பெரிது என்பதை ஸ்பானியர்களில் சிலர் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். 1520-ல் அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்களே, தங்கக் கட்டியை மடியில் கட்டியவர்கள் பலர் ஏரியில் மூழ்கிப்போனார்கள். பெர்னால் தியாஸ் என்ற சிப்பாய் நான்கு பச்சைக் கற்களை மட்டும் கவசத்துக்குள் போட்டுக்கொண்டு தப்பினார், பின்னால் அதைக் கொடுத்துத்தான் காயத்துக்கு வைத்தியமும் வயிற்றுக்குச் சாப்பாடும் பார்த்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

பாறைப்பித்தன்:

ஒரு சின்ன எச்சரிக்கை. அருங்காட்சியகத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் ஜேடைட் இல்லை. பாம்புக்கல், ஆல்பைட் கலந்த பாறை, இன்னும் பல. பலேங்கேயிலேயே பகாலுக்குப் பக்கத்துக் கோயிலில் 1994-ல் கிடைத்த "செவ்வரசி"யின் (சிவப்புத் தூள் படிந்த எலும்புக்கூடாகக் கிடைத்த பெண்) முகமூடி மாலகைட், அதாவது செம்புக் கனிமம். மாயர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. கான்குயென் என்ற ஊரில் தோண்டியவர்கள் கண்டது சுவாரசியமானது: கல்லை அறுப்பது, துளைப்பது போன்ற முதல்கட்ட வேலை சாதாரண ஜனங்களின் வீடுகளில் நடந்திருக்கிறது, கடைசி நுணுக்க வேலை மேட்டுக்குடி வீடுகளோடு நின்றிருக்கிறது. தேய்த்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

மேகநாதன்_பயணி:

நல்ல இழை. அடுத்த வருடம் குவாத்தமாலா போகிற திட்டம் இருக்கிறது, ஆன்டிகுவா ஊரில் ஜேட் கடைகள் நிறைய என்கிறார்கள். வீட்டம்மாவுக்கு ஒரு பதக்கம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். சாணைக்காரர் அண்ணே, அசல் எது போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாணைக்காரர்:

தம்பி, கண்ணாடியில் கீறிக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். சாயம் போட்ட குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். கையில் வாங்கியதும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கிறதா பாருங்கள், அதுதான் முதல் சோதனை. ஜேடைட்டின் அடர்த்தி 3.3 அளவில், குவார்ட்ஸ் 2.65, பாம்புக்கல் 2.6-க்குப் பக்கம். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒருமுறை காற்றில் நிறுங்கள், ஒருமுறை தண்ணீருக்குள் முங்கியபடி நிறுங்கள். காற்றில் 33 கிராம், தண்ணீரில் 23 கிராம் என்றால் வித்தியாசம் 10, முப்பத்து மூன்றைப் பத்தால் வகுத்தால் 3.3, சரியாக வந்துவிட்டது. வெள்ளி கட்டிய பதக்கத்தில் இது நடக்காது, ஆகவே வெறும் கல்லாகப் பார்த்து நிறுத்துவிட்டு அப்புறம் கட்டச் சொல்லுங்கள். எடை சரியாக வந்தாலும் சாயம் ஏற்றியிருக்கலாம், லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெடிப்புகளில் பச்சை தேங்கி நிற்பது தெரியும். ஆன்டிகுவாவில் மொத்தாகுவாக் கல்லை இன்றைக்கும் அறுத்து விற்கிற பெரிய கடைகள் உண்டு, அங்கே பில்லோடு புதுக் கல் வாங்குங்கள்.

யாராவது தனியாகக் கூப்பிட்டு, துணிக்குள்ளிருந்து எடுத்து, "இது பழையது, கல்லறையில் எடுத்தது" என்று காட்டினால் நடையைக் கட்டுங்கள். போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் இன்னும் மோசம், தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோவது அங்கே குற்றம், விமான நிலையத்தில் வீட்டம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.